அண்ணன் பக்கம் போன குளிர்

என் அண்ணன் என் மின்சாரத்தைத் திருடுகிறான் என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன். பால் பூத், சலூன், டீக்கடை, எதையும் விடவில்லை. நிரூபிப்பது ஒன்றுதான் பாக்கி. அதற்காகத்தான் வீட்டு மின்சாரச் சோதனை செய்கிற ஒருவரை வரவழைத்தேன்.

விம்கோ நகரில் அப்பா கட்டிய வீடு. அவர் போனபின் கூடத்தின் நடுவே சுவர் எழுப்பினோம். அந்தப் பாதி அவனுக்கு. இந்தப் பாதி என் படுக்கையறை. பேச்சுவார்த்தை கிடையாது. நான் படித்தவன், நாலு அலமாரி புத்தகம் வைத்திருக்கிறேன். சகோதர பாசம் வருகிற இடங்களில் பென்சிலால் கோடுகூடப் போட்டிருக்கிறேன். ஏசி ஓடிக்கொண்டே இருந்தும் அறை குளிரவில்லை, பில் மட்டும் எகிறுகிறது என்றால், படித்தவன் வேறு என்ன முடிவுக்கு வருவான்?

வந்தவர் எம்.கே.பி. நகர்க்காரர். சிரிப்பென்பதே கிடையாது. ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டு மீட்டர் முன்னால் நின்றார். கரண்ட் ஓடும்வரை மின்னி மின்னி அணைகிற சிவப்பு விளக்கு நின்றுபோனது.

“எவனும் உன் கரண்ட்ட தொடல சார்.”

“இன்னும் கொஞ்சம் பாருங்க. இப்ப எடுக்காம இருக்கலாம்.”

“நல்ல சேதி சொன்னா மூஞ்சி ஏன் சார் இப்டி போவுது?”

பிறகு ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்தி, சூட்டையும் குளிரையும் நிறமாகக் காட்டும் கேமராவைச் சுவர் சுவராகப் பிடித்தார். பரணுக்குப் பின்னால் நீலமாக ஏதோ ஒழுகியது. ஏணி போட்டுப் பெட்டிகளை நகர்த்தினோம். சுவர் கூரையைத் தொடவே இல்லை. ஒரு சாண் இடைவெளி. கட்டும்போது இரண்டு பக்கமும் நின்று நாங்கள் போட்ட சண்டையில், கொத்தனார் கரண்டியோடு இறங்கிப் போனவர் திரும்பி வரவில்லை. பரணில் பெட்டிகளை அடுக்கி அதை நான் மறந்தே போனேன்.

ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அங்கே பிடித்தார். புகை வளைந்து நெளிந்து அண்ணன் வீட்டுக்குள் போனது.

“எவன்டா அது, உயிரோட கீறவனுக்கு ஊதுபத்தி காட்றது?” என்று அந்தப் பக்கத்திலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

“செக்கிங் வந்துகீறேன்பா. உன் தம்பி வூட்டு ஜில்லு பூரா உன்னாண்டதான் வந்துகினு கீது. இந்தாண்ட பரண் தடுக்குது, கரண்டி போவாது. உன் பக்கத்துலேர்ந்துதான் பூசணும்.”

“அது தானா வருது. நானா கேட்டேன்?”

“அந்த இடைவெளியைப் பூசி மூடச் சொல்லுங்க” என்றேன் நான், சோதனைக்காரரிடம்.

“என்னைத் திருடன்னு எந்த டீக்கடைல சொன்னானோ, அதே டீக்கடைல ‘எங்கண்ணன் திருடன் இல்ல’ன்னு சொல்லச் சொல்லு. அப்பால சிமெண்ட்டப் பத்திப் பேசலாம்.”

“என்னை விட்ருங்கப்பா” என்று சோதனைக்காரர் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார்.

டீக்கடையா? நானா? கிழிந்த லுங்கி ஒன்றைச் சுருட்டி அந்த இடைவெளியில் திணித்தேன். அவன் கம்பால் குத்தித் தள்ளினான். லுங்கி என் தலையில் விழுந்தது. மறுபடி திணித்தேன். இந்த முறை அது அவன் வீட்டுக்குள்ளேயே போய்விட்டது. இன்றுவரை திரும்பவில்லை. அதுதான் உண்மையான திருட்டு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏசியைப் போட்டேன். அந்தப் பக்கம் கட்டிலை இழுத்துச் சுவரோரம் போடும் சத்தம் கேட்டது. உடனே அணைத்தேன். வெந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்தே வேகலாம்.

“டேய், ஏன்டா ஆஃப் பண்ண? போட்றா!” பல வருடங்களில் அவன் நேராக என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

“முடியாது போடா!” இது என்னுடையது.

என் மனைவி உள்ளே வந்து ரிமோட்டைப் பிடுங்கி ஏசியைப் போட்டாள். “பால் பூத்துல, டீக்கடைல எல்லாம் நானே சொல்லிட்டேன், அவரு திருடலன்னு. என்ன கேட்டாங்க தெரியுமா? ‘உங்க வூட்டுக்காரர் சொன்னத யாருமா நம்புனா’ன்னு.”

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் சிரித்தான். இடைவெளியில் அடைப்பு ஒன்றும் இல்லாததால் தெளிவாகவே கேட்டது.

“அவ சொன்னா செல்லாது,” என்றான் சிரித்து முடித்து. “நீ வந்து சொல்றா.”

“ஏசியை அவதான் போட்டா,” என்றேன். “உனக்காக இல்ல.”