சம்பந்தியின் இரண்டு விரல்கள்

என் மகளைக் கொடுத்த இடத்துச் சம்பந்தி லாரி மெக்கானிக். பட்டறைக்காரர்கள் அவரை "விரல்காரர்" என்றுதான் சொல்வார்கள். எந்த ஆயில் வந்தாலும் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார். ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்ப்பார், கண்ணை மூடிக்கொள்வார். "இது ஓடும்" என்பார். இல்லையென்றால், "இதைக் கதவுக் கீலுக்கு விடு" என்பார். நன்றாக வழுக்குவதுதான் நல்ல ஆயில் என்பது அவர் கணக்கு. லாரிகளில் அந்தக் கணக்கு தப்பியதில்லை.

அவர் மகன், அதாவது என் மாப்பிள்ளை, டிராக் ரேஸ் பைக் ஓட்டுகிறார். இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நேராகப் பாயும். நாம் மூக்கைச் சொறிந்து முடிப்பதற்குள் பந்தயம் முடிந்துவிடும். வண்டி ஒரு முதலாளியுடையது. அதன் எஞ்சினைப் பார்த்துக்கொள்வது என் மகள். வேறு யாரையும் கைவைக்க விடமாட்டாள். ஆனால் இந்த முறை எனக்குப் பேத்தியைப் பெற்றுக் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தாள். பேத்தியைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். மூக்கு என்னுடையது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சம்பந்தி அதை ஒத்துக்கொள்ளாமல் தினமும் சண்டை போடுவார்.

பந்தயத்தன்று காலை மகள் பட்டறையிலிருந்த சம்பந்திக்குப் போன் செய்தாள். "மாமா, ஷெல்ஃபுல சிவப்பு டப்பா இருக்கு, அதை ஊத்துங்க. பக்கத்துல இருக்கிறது கார் ஆயில், அதைத் தொடாதீங்க."

"சரிம்மா, நீ புள்ளையைப் பாரு" என்றார்.

போனை வைத்ததும் இரண்டையும் தேய்த்துப் பார்த்தார்.

"சம்பந்தி, இங்க வாங்க. எது பட்டு மாதிரி இருக்கு, சொல்லுங்க?"

சைக்கிள் செயினைத் தவிர எதற்கும் எண்ணெய் போடாதவன் நான். தொட்டுப் பார்த்தேன். கார் ஆயில்தான் வழுக்கியது.

"பாத்தீங்களா! சின்னப் பொண்ணு, கடைக்காரன் சொல்றதை நம்புது" என்று அதையே ஊற்றினார். நான் புனலைப் பிடித்தேன்.

பைக்கில் எஞ்சினும் கிளட்ச்சும் ஒரே ஆயிலில்தான் கிடக்கும். கிளட்ச் தகடுகள் ஒன்றையொன்று கவ்வினால்தான் சக்கரத்துக்கு இழுவை போகும். அதிகமாக வழுக்கும் கார் ஆயில் நடுவே புகுந்தால் பிடி விட்டுவிடும். லாரியில் கிளட்ச் ஆயில் படாமல் தனியாகக் காய்ந்து கிடக்கும். அதனால் சம்பந்திக்கு இந்தக் கவலை வந்ததே இல்லை.

பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்து வண்டி காணாமல் போனது. எங்கள் வண்டி காது கிழியக் கத்திக்கொண்டு ஊர்ந்தது.

"அண்ணே, எறங்கித் தள்ளுங்க!" என்றான் ஒருவன்.

"சத்தத்துக்குத் தனிப் பரிசு உண்டாப்பா?" என்றான் இன்னொருவன். வேலி ஓரம் முழுக்கச் சிரிப்பு.

சம்பந்தி சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. தன் இரண்டு விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

முதலாளி வந்து கத்தினார். "என்னய்யா, வண்டியா ஓட்டுற? தள்ளுவண்டியா?"

மாப்பிள்ளை அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். "என் தப்புதான் சார். கிளட்ச்சைச் சரியா விடல."

"புள்ளை பொறந்ததுல இருந்து உனக்குக் கவனமே இல்ல. அடுத்த பந்தயத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கிறேன், போ."

முதலாளி நடந்தார். சம்பந்தி பின்னாலேயே போனார், பாதியில் நின்றார், திரும்பி வந்தார், மறுபடி போனார்.

"சார், ஆயில் நான் ஊத்தினது. கார் ஆயில். மருமக வேண்டாம்னுதான் சொன்னா. நான் கேக்கல. பையன் மேல தப்பில்ல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். முதலாளி சிரித்துவிட்டார். "பெரியவரே, வீட்ல பேத்தி இருக்கில்ல? போய்த் தொட்டிலை ஆட்டுங்க. தம்பி, நீயே ஓட்டு. ஆனா இவரை எஞ்சின் பக்கம் விடாத."

சுற்றி நின்ற மெக்கானிக்குகள் எல்லாம் சம்பந்தியிடம் ஆயிலைக் காட்டிக் கேட்டுப்போகிறவர்கள். அவர்களும் சிரித்தார்கள். புனலைப் பிடித்த நான் வாயைத் திறக்கவில்லை.

வேனில் மாப்பிள்ளை கேட்டார். "எதுக்குப்பா சொன்னீங்க? நான் சமாளிச்சிருப்பேன்ல?"

"நீ திட்டு வாங்கினதை என்னால பாக்க முடியலடா" என்றார்.

மகள் வாசலிலேயே கேட்டாள். "என்னாச்சு மாமா?"

செருப்பைக் கழற்றாமல் வெளியே நின்றபடியே சொன்னார். "நீ சொன்ன டப்பாவை நான் ஊத்தலம்மா."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "தகடு எல்லாம் போயிருக்கும். புதுசு மாத்தணும். மாட்டுறதுக்கு முன்னாடி ஆயில்ல ஊற வைக்கணும்."

"நான்... செய்யலாமா? முதலாளி தொடக் கூடாதுன்னார்."

"முதலாளி இங்க இல்லையே. நான் உக்காந்து சொல்றேன், நீங்க செய்ங்க மாமா."

மறுநாள் பட்டறையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டோம். பேத்தி என் மடியில். சம்பந்தி தட்டில் புதுத் தகடுகளை அடுக்கினார். சிவப்பு டப்பாவை எடுத்தார். மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இதுதானேம்மா?"

"அதேதான் மாமா."

ஊற்றும்போது ஒரு சொட்டு அவர் கட்டைவிரலில் விழுந்தது. ஆள்காட்டி விரல் பழக்கத்தில் வளைந்து வந்தது, தொடாமல் நின்றது. கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். எங்களைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பேத்தியின் முகத்தைக் குனிந்து பார்த்தார். "சம்பந்தி, நீங்க சொன்னது சரிதான் போல. மூக்கு உங்க மூக்குதான்."

எனக்கு அதில் ஒரு துளிகூடச் சந்தோஷமில்லை.

"நல்லாப் பாருங்க சம்பந்தி, உங்களோடதுதான்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தகடுகளிடம் திரும்பிக்கொண்டார்.