மதுராவின் சிங்களம்

1. வெற்றுத் தாள்

வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். என் அறைக்குப் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் பெரும்பாலும் கோபத்தோடுதான் வருவார்கள். அன்று வந்தவர் சிங்களப் பாட ஆசிரியை.

“டீச்சர், எட்டாம் தரத்து மதுரா ஒரு வரியும் எழுதாமல் பேப்பரைத் தந்திட்டா. வகுப்பில கேட்டாலும் வாய் திறக்கிறா இல்லை. சரியான திமிர்!”

என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் பாடசாலையில் மதுராவைப் போலச் சிங்களம் பேசுகிற பிள்ளை வேறு இல்லை. தகப்பன் இறந்தபிறகு தாயும் மகளுமாகக் கிளிநொச்சியிலிருந்து வந்து, ஒரு ஒழுங்கைக்குள் அறையொன்றை வாடகைக்கு எடுத்து இருந்தார்கள். பக்கத்து அறைச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடியே அவள் மொழியைப் பிடித்துவிட்டாள்.

அந்த வருடம்தான் ‘ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பலம்’ என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தோம். மாதம் ஒருமுறை வரும் உளவியலாளரின் யோசனை அது. நல்ல யோசனைதான், குறை சொல்லமாட்டேன். பெற்றோரைக் கூப்பிட்டு, ரோல்ஸும் பிளேன்டீயும் கொடுத்து, பிள்ளைகளின் பலங்களைக் கலர் கலராக எழுதி ஒட்டினோம். மதுராவின் பெயருக்கு நேரே ‘மொழி’ என்று எழுதியிருந்தது.

அதோடு அவளுடைய நிம்மதி போயிற்று. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து யார் வந்தாலும், ஃபோட்டோகொப்பி மெஷின் திருத்துகிறவர் வந்தாலும், “சிங்களம் கதைக்க மதுராவைக் கூப்பிடுங்கோ” என்பார் அதிபர். அவள் கணக்குப் பாடத்தின் நடுவில் எழும்பிப் போவாள்.

2. அம்மாவின் பெருமை

தாயைக் கூப்பிட்டேன். கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிற பெண். மெலிந்து போயிருந்தார். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே கதைத்தார்.

“என்ர பிள்ளை கெட்டிக்காரி டீச்சர். எனக்குச் சிங்களம் துண்டறத் தெரியாது. கடை, பேங்க், எல்லா இடமும் அவதான் கதைக்கிறவ. ஆஸ்பத்திரியிலயும் அவதான்.”

“என்னம்மா, சுகமில்லையோ?”

“நெஞ்சில சின்னக் கட்டி ஒண்டு. குளிசை போடக் கரைஞ்சிடும் எண்டு டொக்டர் சொன்னவராம். பிள்ளை கேட்டுச் சொன்னவ.”

பக்கத்தில் நின்ற மதுரா தலையைக் குனிந்துகொண்டாள். தாய் பெருமையாகச் சொல்லச் சொல்ல அவளுடைய முகம் கறுத்துக்கொண்டே போனது. தாயை வெளியே வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

3. ஒரு சொல்

“டொக்டர் உண்மையா என்ன சொன்னவர், மதுரா?”

சிங்களத்தில்தான் பதில் வந்தது.

“பிளிகா.”

புற்றுநோய். உடனே வெட்டி எடுக்கவேண்டும், அடுத்த கிழமையே வார்டில் வந்து நிற்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அது நடந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது.

“அம்மாவுக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொல்லத்தான் வெளிக்கிட்டனான் டீச்சர். அம்மா என்ர முகத்தையே பாத்துக்கொண்டு இருந்தவ. தமிழில அந்தச் சொல் வாயில வரேல்லை. கரைஞ்சிடும் எண்டு சொல்லிப்போட்டன். அதுக்குப் பிறகு எப்பிடி மாத்திச் சொல்றது?”

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. ஒரு தாய்க்குப் பெரியவர்கள் சொல்லவேண்டிய செய்தியைப் பிள்ளையின் வாயில் வைத்திருக்கிறார்கள். நாங்களோ அந்த வாய்க்குப் பலம் என்று பெயர் வைத்துக் கைதட்டியிருக்கிறோம்.

உளவியலாளருக்குப் போன் எடுத்தேன். இனி அந்தப் பிள்ளை யாருக்காகவும் ஒரு சொல்லும் மொழிபெயர்க்கக் கூடாது, தாய்க்கு நாங்கள்தான் சொல்லவேண்டும் என்றார். மறுநாள் நான் தாயோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தமிழ் தெரிந்த தாதி ஒருவரைத் தேடிப் பிடித்து, டொக்டருக்கு முன்னாலேயே தாய்க்கு எல்லாவற்றையும் தமிழில் சொல்லவைத்தேன்.

தாய் அழவில்லை. என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்.

“பிள்ளைக்கு இது தெரியுமோ டீச்சர்?”

“ஓம்.”

அதைக் கேட்டபிறகுதான் உடைந்து போனார். “ஐயோ, இதைத் தனிய மனசுக்குள்ள வச்சிருந்திருக்கிறாளே!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஒப்பரேஷன் நடந்தது. ஆனால் நோய் பரவிவிட்டிருந்தது. அடுத்த வருடம் அவர் காலமானார்.

4. விடுகைப் பத்திரம்

இந்த வேலைக்கு இப்போது வருகிற இளம் ஆசிரியைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு பிள்ளையின் திறமையைக் கண்டவுடன் கைதட்டாதீர்கள். அது வீட்டில் யாருக்கு, எதற்குத் தேவைப்படுகிறது என்று முதலில் கேளுங்கள். அழுகிற பிள்ளையிடம் எல்லோரும் கேட்பார்கள், கெட்டிக்காரப் பிள்ளையிடம் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

ஊரிலிருந்து மாமி வந்து மதுராவைக் கூட்டிக்கொண்டு போனார். பாடசாலையை விட்டு விலக விடுகைப் பத்திரம் எடுக்க வந்த அன்று, அவள் என் அறைக்கு வந்து நின்றாள். இந்த ஒன்றையாவது சொல்லி அனுப்பவேண்டும் என்று நினைத்தேன்.

“அம்மாவுக்கு அதைச் சொல்றது உன்ர வேலை இல்லையம்மா. சின்னப்பிள்ளை செய்யிற வேலை இல்லை அது.”

“ஓம் டீச்சர்,” என்றாள் மரியாதையாக. கதவுவரை போய்த் திரும்பினாள்.

“அப்ப அது ஆரின்ர வேலை டீச்சர்?”