மாமா சொன்ன மிச்சப் படம்

முதல் செமஸ்டர் முடிந்து வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மகள், திரைப்பட வகுப்புக்காகப் பதிவுசெய்த ஜெனரேற்றர் சத்தத்தைக் கைபேசியில் போட்டுக் காட்டினாள். அவளுடைய அப்பா சொன்னபடி, அந்த வகுப்பை இத்தோடு விடச் சொல்லத்தான் நான் காத்திருந்தேன். சத்தம் திடீரென நின்றதும் நான் எழுந்து வாசலைப் பார்த்தேன்.

"என்னம்மா, இப்பிடி வேர்க்குது?"

சண்டைக் காலத்தில் ஆரையம்பதியில் எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை; ஜெனரேற்றர் வைத்துப் பகலில்தான் படம் போடுவோம். யன்னல்களில் சாக்குக் கட்டிய இருட்டில் பெற்றோல் மணக்கும். ஒருநாள் பாதிப் படத்தில் ஜெனரேற்றர் நின்றுவிட்டது. ஆமிக்காரரைக் கண்டு யாரோ அதை நிறுத்திவிட்டார்களென்று எல்லோரும் எழுந்து ஓடப் பார்த்தோம்.

"இரிங்க, பெற்றோல் முடிஞ்சிட்டு!" என்று தாய்மாமா சிரித்தார். மிச்சக் கதையை அவரே நடித்துக் காட்டினார். கதாநாயகன் வில்லனை வாவிக்குள் தள்ளிவிட்டுக் கல்யாணம் முடித்தான். கைதட்டினோம்.

கல்யாணமாகி வந்தபின் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தேன். கதாநாயகன் செத்துப்போகிறான். மாமாவைக் கேட்டால், அவரும் பெற்றோல் முடிந்த அன்றைக்குத்தானாம் அதை முதலில் பார்த்தது, அதுவும் பாதிதான்.

"உங்கட மாமா சரியான புழுகர்!" என்று, நான் சொன்னதைக் கேட்ட மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, அடுத்த செமஸ்டரும் இந்தப் பாடத்தையே எடுக்கட்டா?"

"ஓம் புள்ள, எடு. அப்பாட்ட நான் கதைக்கிறன்."