ஊமைப்படம் பார்த்துச் சிரித்த அக்கா

எங்கள் துயரத்தில் பங்குகொள்ள வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அக்கா காஜா பேராங்கில் பிறந்து, கடைசிவரை அங்கேயே வாழ்ந்தவர். ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் அவருடைய இரு காதுகளையும் அடைத்துவிட்டது. பேச்சு மட்டும் மிஞ்சியது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார். அம்மா இறந்த பிறகு தையல் வேலை செய்து எங்களை ஆளாக்கியவர் அவர்தான்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது விடுதலை, கிடைத்த சமயம், ஞாயிறு பிற்பகல்களில் எங்கள் பக்கத்து மண்டபத்தில் பழைய ஊமைச் சிரிப்புப் படங்கள் போடுவார்கள். தலைமுறைகளாக மலாய் பேசிவந்த செட்டி வீட்டாருக்குத் தமிழ் வராது, எங்களுக்கு ஆங்கிலம் வராது. அந்தப் படங்களுக்கு எந்த மொழியும் வேண்டியதில்லை. அக்காவுக்கு அங்கே ஒரு குறையும் இருக்கவில்லை.

புக்கிட் பாருவிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்களை அப்பா அந்த மண்டபத்துக்கே வரச் சொன்னார். காது விஷயத்தை மறைத்துவிட்டார்.

"சிரிக்கிற எடத்துல யாரும் ரொம்பப் பேச மாட்டாங்க லா. கல்யாணம் ஆனப்புறம் சொல்லிக்கலாம்" என்றார்.

எனக்கு வயது பதினாறு. அக்காவிடம் யாராவது பேசினால் அவர் கையைக் கிள்ளுவது என் பொறுப்பு. படத்தில் ஏணி தூக்கியவர் திரும்பும் போதெல்லாம் ஒரு போலீஸ்காரர் விழுந்துகொண்டிருந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். படச்சுருள் மாற்ற விளக்கைப் போட்டதுகூட எனக்கு உறைக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா அக்காவிடம் ஏதோ கேட்டிருக்கிறார். இரண்டு முறை கேட்டிருக்கிறார். அக்கா வெறும் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"பக்கத்துல கூப்பிட்டாலும் திரும்பலயே, காது கேக்காதா?" என்று சொல்லி அந்த அம்மா எழுந்துவிட்டார்.

வீட்டில் அக்கா என்னைக் கேட்டார்: "நான் ரொம்பச் சத்தமா சிரிச்சிட்டேனா பாப்பா?"

நான் கிள்ள மறந்தது தெரிந்தால் அப்பா அடிப்பார் என்று பயந்து, ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதன் பிறகு அக்கா வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார். வேறு வரனும் அமையவில்லை. நான் மணமாகி, பிள்ளை பெற்று, பாட்டியும் ஆனேன். எத்தனையோ நாள் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை.

மருத்துவமனையில் என் மகள் கைப்பேசியில் அதேபோன்ற படம் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். அக்கா அப்போதும் வாயைப் பொத்தினார்.

இறுதிநாட்களில் அவரைக் குளிப்பாட்டிய தாதியருக்கும், சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அன்று மருத்துவமனையில் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சொன்னேன்.