பௌர்ணமி அல்ல, பங்குனி

பி.எஸ்சி. இறுதியாண்டில், புள்ளியியல் தேர்வில் நான் பதினான்கு கூடுதல் தாள் வாங்கினேன். பதினான்கும் முதல் கேள்விக்கே. அன்றைக்கு எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, கேட்காததும் தெரிந்திருந்தது. கண்காணிக்க வந்த ஆசிரியர், "இன்னாம்மா, அச்சுக்குக் குடுக்கப் போறியா?" என்று கேட்டார். ஆமாம் சார் என்று சிரித்தேன். மணி அடித்தபோது இரண்டாவது கேள்வியைத் தொட்டிருக்கவில்லை.

அது ஏப்ரல். அதே தேர்வை நவம்பரில் மறுபடி எழுதப் போனேன். வெளியே மழை. பதிவெண்ணை எழுதவே கை கனத்தது. அரைப் பக்கத்தோடு எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மற்ற எல்லாத் தேர்விலும் தேறியிருந்தேன். பட்டத்துக்கும் எனக்கும் நடுவே இந்த ஒன்றுதான் நின்றது.

வீடு அடி அண்ணாமலையில். கிரிவலப் பாதையில் அப்பாவுக்கு இளநீர்க் கடை. எனக்கு ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு ஊரில் ஒரே பதில்தான்: "பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதுக்கு ஏறிடுது." எங்கெங்கோ இருப்பவர்களை எல்லாம் மலையைச் சுற்ற வைக்கிற நிலா, ஒரு பெண்ணின் தலையைச் சுற்ற வைக்காதா? அப்பா தன் பங்குக்கு இன்னொரு காரணம் வைத்திருந்தார்.

"படிப்பு ஜாஸ்தியாகி மூளை சூடாயிடுச்சு. இன்னொரு வாட்டி எழுது. அதுவும் போச்சுன்னா வுட்டுடு கண்ணு."

ஒவ்வொரு தேர்வு போனபோதும் இதையேதான் சொன்னார், கோபத்தில் அல்ல, பயத்தில். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டவுனில் இருந்த மனநல டாக்டரம்மா இதற்கு இருமுனை மனநிலைக் கோளாறு என்று பெயர் சொன்னார். மாத்திரை கொடுத்து, நிறுத்தவே கூடாது என்றார். தினமும் எவ்வளவு தூங்குகிறேன் என்று குறித்துவரச் சொன்னார். ஜனவரியில் ஆரம்பித்தேன். பங்குனியில் ஒரு நாள் தூக்கத்தைப் பற்றி ஆறு பக்கம் எழுதினேன். மலையின் உயரத்துக்குப் புதுச் சூத்திரம் கண்டுபிடிக்கிற வேகத்தில் அந்த ஏப்ரல் தேர்வுக்கே போகவில்லை. ஐப்பசியில் பேனாவைத் தொடவில்லை, நவம்பர் தேர்வும் போயிற்று. குறிப்பேடு பாதிக்கு மேல் காலி.

அடுத்த ஜனவரியில் புது நாட்காட்டி மாட்டும்போது பார்த்தேன். கிழித்த பழைய தேதித் தாள்களையெல்லாம் அம்மா, கடையில் ரசீது குத்துகிற கம்பியில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சில் புள்ளிகள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"இன்னாம்மா இது?"

"டாக்டரம்மா உன் தூக்கத்தக் குறிச்சி வைக்கச் சொன்னாங்க இல்ல? நீ ஒரு மாசம் காவியம் எழுதற, ஒரு மாசம் காணாமப் போற. அதான் நான் வச்சேன். ஒழுங்கா தூங்கனா மூணு. அரைகொறையா தூங்கனா ரெண்டு. கண்ணே மூடலன்னா ஒண்ணு. எழுந்துக்கவே இல்லன்னா நாலு."

ஒரு வருடம் என் கையில் இருந்தது! மின்விசிறியை நிறுத்திவிட்டு, தாள்களை மாதவாரியாகத் தரை முழுக்கப் பரப்பினேன். பௌர்ணமித் தாள்களைத் தனியே எடுத்தேன். ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றிலும் ஒற்றைப் புள்ளி.

எட்டிப் பார்த்த அப்பா தொடையில் தட்டினார். "பாத்தியா? நிலாதான்!"

"அன்னிக்கி நீ மட்டும் தூங்கனியா?" என்றாள் அம்மா. "விடிய விடிய இளநி வெட்டனது யாரு, உங்க மாமனா?"

உண்மைதான். பௌர்ணமியன்று எங்கள் வீட்டில் யாருமே தூங்குவதில்லை. சில்லறை கொடுப்பது என் வேலை. அப்படியென்றால் பார்க்க வேண்டியது பௌர்ணமியை அல்ல, அதற்கு மறுநாளை! முழங்காலிட்டுத் தாள் தாளாகப் போனேன். ஆடியிலும் ஆவணியிலும் மறுநாள் மூன்று புள்ளி. விட்ட தூக்கத்தைத் தூங்கியிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் நான்கு நான்காக ஒரே கறுப்பு. பங்குனி, சித்திரையில் ஒன்று, ஒன்று, ஒன்று, வாரக்கணக்கில் ஒன்று. வெயில் ஏறும்போது நான் ஏறுகிறேன். மழை இறங்கும்போது இறங்குகிறேன். இரண்டு தேர்வும் சரியாக அங்கேயே வந்து உட்கார்ந்திருக்கின்றன! என்னைத் தோற்கடித்த புள்ளியியல் என் பக்கம் பேசியது. நான் கத்தினேன், கைதட்டினேன், அப்பாவின் துண்டைப் பிடுங்கிச் சுற்றினேன். திடீரென்று பயம் வந்து நின்றேன்.

"அம்மா, எனக்கு இப்ப ஏறிடுச்சா?"

அம்மா முந்தின நாள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "நேத்து மூணு புள்ளிடி. தாராளமா கத்து."

டாக்டரம்மா தாள்களை அரை மணி நேரம் பார்த்தார். சிலருக்குப் பருவம் மாறினால் மனநிலையும் மாறும் என்றார். "இவ்ளோ நாளா ஏறினப்புறம் ஓடி வந்தீங்க. இனிமே ஏறறதுக்கு முன்னாடி பாத்துக்கலாம்." மாசியிலேயே ரத்தம் சோதித்து மாத்திரை அளவை அவரே மாற்றினார். இந்த மாத்திரை சாப்பிடுகிறவள் வெயிலில் தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்றார். கடைசியாக, "பங்குனிப் பௌர்ணமிக்குக் கடைக்குப் போகக் கூடாது. உன்ன ஏத்தி விடறது நிலா இல்ல, தூங்காம இருக்கறது."

"பௌர்ணமிக்குத் தூங்கப் போற ஒரே ஆளு அண்ணாமலையில நீதான்," என்று வழியெல்லாம் கிண்டல் செய்தார் அப்பா. ஆனால் பங்குனிப் பௌர்ணமியன்று மாலை கூட்டம் சேருவதற்கு முன், அவரேதான் சைக்கிளில் ஏற்றி வேங்கிக்காலில் சித்தி வீட்டில் விட்டுவந்தார். சத்தமில்லாத அந்த வீட்டில் ஒன்பது மணிக்குப் படுத்தேன்.

ஏப்ரல் வந்தது. தேர்வுக் கூடத்தில் தகரக் கூரை கொதித்தது. முதல் கேள்வியைப் படித்ததுமே தலைக்குள் ஈசல் கிளம்புவது போல யோசனைகள் கிளம்பின. கேட்டதை மட்டும் எழுதினேன். அடுத்த கேள்விக்குப் போனேன். அதற்கும் அடுத்ததற்குப் போனேன். கடைசிக் கேள்வி முடிந்த பிறகும் இன்னொரு தாள் கேட்கக் கை எழுந்தது. எழுத ஒன்றும் பாக்கியில்லை. எழுந்த கையால் நூலை எடுத்துத் தாள்களைக் கட்டினேன்.

முடிவு ஜூனில் வந்தது, தேறினேன். ஆனால் அம்மா அன்றைக்கே முடிவு சொல்லிவிட்டாள். கல்லூரி வாசலில் புங்கமர நிழலில், தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றிருந்தவள், நன்றாக எழுதினாயா என்று கேட்கவில்லை.

"எத்தினி தாளு வாங்கன?"

"ரெண்டு."

"ரெண்டேவா?"

"ரெண்டே."

"அப்போ பாஸு," என்று பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "குடி. முழுசாக் குடி."