சும்மாஜ்

நேற்று பாரிஸில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் கத்தரிக்காய் பொறுக்கும்போது கடைக்கார அன்ரி கேட்டார்: "இப்ப எங்கை பிள்ளை வேலை?"

"சும்மா இருக்கிறன் அன்ரி."

பல்கலைக்கழக ஒப்பந்தம் முடிந்து, பின்னால் வந்த உதவிப் பணமும் நின்றுவிட்டதைக் கத்தரிக்காய்க் கூடைக்கு மேலாக விளக்க முடியுமா? ஆனால் சொல் வாயை விட்டு வெளியே வந்ததும், பக்கத்தில் ரோல்ஸ் பொரியும் வாசத்தோடு ராசன் அண்ணையும் நினைவில் வந்துவிட்டார்.

அவரைச் சந்தித்தது என் முதல் வேலையில். படித்தது புள்ளியியல். என்னை அமர்த்தியவர் வேலையின்மையையும் சமூக ஒதுக்கலையும் ஆராய்ந்த சமூகவியல் பேராசிரியர். அவருக்குத் தமிழ் தெரியாது. என் முதல் தகுதி அதுதான், சான்றிதழ்கள் எல்லாம் பிறகு. தேநீர்க்கடையில் உட்கார்ந்து கேள்வித்தாள் நிரப்புவேன். வேலையற்றவர்கள் பலர் என்று தெரிந்தால், இந்தத் தெருவிலேயே பிரெஞ்சு வகுப்பும் வேலை தேட உதவும் அலுவலகமும் திறப்பதாக நகரசபையில் சொல்லியிருந்தார்கள்.

ராசன் அண்ணை கோப்பை கழுவிய உணவகம் மூடிப் பல மாதம். பதிவில்லாத வேலை.

"அண்ணை, நீங்கள் சோமாஜிலையோ?" வேலையின்மைக்குப் பிரெஞ்சில் அதுதான் சொல்.

"இல்லைப் பிள்ளை. எனக்கெங்கை சோமாஜ்? சும்மாஜ்!"

தேநீர்க்கடைக்காரர் விடவில்லை. "உந்தப் பகிடிக்கு ஆரும் சம்பளம் தரமாட்டினம் ராசன். தேத்தண்ணியைக் குடி."

நானும் சிரித்தபடியே எழுதினேன். வேலையற்றவரா: இல்லை. வேலையும் இல்லாமல் இதற்கும் 'இல்லை' என்றால், 'வேலை தேடாதவர்' என்று குறித்து அடுத்த பக்கத்தைத் தாண்டிவிடலாம். கேள்வித்தாளை அப்படி அமைத்தது நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டபோதுதான் உறைத்தது. எங்கள் ஆட்களுக்குச் சோமாஜ் என்றால் வேலை போனால் அரசு தரும் பணம். அது கிடைக்காதவர் சோமாஜ் இல்லை, சும்மா இருக்கிறவர். பதிவில்லாமல் உழைத்து வேலை இழந்த ஒருவர்கூட என் அட்டவணையில் வேலையற்றவராக இல்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன். பேராசிரியரின் முகம் மலர்ந்தது.

"அருமை! இதைத் தனிக் கட்டுரையாக எழுதலாம்."

"அறிக்கையைத் திருத்த வேண்டாமா?"

"அதை அனுப்பியாகிவிட்டதே."

அறிக்கையைப் படித்தவர்கள் அலுவலகம் தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். கட்டுரை பேராசிரியருக்குத் துறைத் தலைமையை வாங்கிக் கொடுத்தது. ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றி இப்போதும் மேடைகளில் அழகாகப் பேசுகிறார். அடிக்குறிப்பில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

கடைசியாகக் கண்டபோது ராசன் அண்ணை கேட்டார்: "அந்தக் கந்தோர் எப்ப பிள்ளை திறப்பினம்?"

"கெதியிலை அண்ணை" என்றேன், தெரிந்துகொண்டே.

தேநீர்க்கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி திருத்துகிறார்கள். அண்ணை நகருக்கு வெளியே கூசேன்வில் பக்கம் போய்விட்டாராம். விலாசம் யாரிடமும் இல்லை. அவருடைய பகிடி மட்டும் பேராசிரியரின் கட்டுரையில் இருக்கிறது, சாய்வெழுத்தில், விளக்கத்தோடு. சொன்னவர் யார் என்ற இடத்தில் 'வேலை தேடாத ஓர் ஆண்' என்று போட்டிருக்கிறது. என் அட்டவணையிலிருந்து எடுத்தது.