பெர்கன் போகப் படித்த பாஷை

என் அக்கா மோகனப்பிரியா நார்வே பாஷை படித்தது 1996இல், சோமனூரில், எங்கள் தறிச் சத்தத்துக்கு நடுவே. மாப்பிள்ளை மதன்குமாருக்கு நார்வேயில் பெர்கன் நகரில் வேலை. நிச்சயம் முடிந்ததும் பாடப்புத்தகமும் கேசட்டும் அனுப்பிவிட்டார்.

அந்தப் பாஷையில் வினைச்சொல் ரெண்டாமிடத்தை விடாது. 'நான் வருகிறேன் இன்றைக்கு' என்பார்கள். 'இன்றைக்கு' முன்னால் வந்தால், 'இன்றைக்கு வருகிறேன் நான்' என்று 'நான்' பின்னால் போக வேண்டும். நமக்கோ வினை கடைசியில்தான் வரும். 'இல்லை' என்பதற்கு 'இக்கே'. அது தனி வாக்கியத்தில் வினைக்குப் பின்னால், வாக்கியத்துக்குள் வரும் வாக்கியத்தில் வினைக்கு முன்னால். அக்காவைப் பாடாய்ப் படுத்தியது.

"ஏங்கண்ணு, நாக்கு சுளுக்கிக்காதா?" என்று அம்மா சிரிப்பாள்.

ஞாயிறுதோறும் போன் வரும். அக்கா பேசுவாள், அவர் திருத்துவார். அவர் சொன்ன பெர்கன் வீட்டை, அங்கே ஓயாத மழையை, எல்லாவற்றையும் அவள் மனசுக்குள் வாழ ஆரம்பித்துவிட்டாள்.

குலதெய்வத்துக்குப் பத்திரிகை வைக்க அப்பா அந்தியூர்ப் பக்கம் போனார். பூசாரி பேரைப் படித்துவிட்டு, "ஏனுங்க, மாப்பிள்ளையோட அப்பா நம்ம கூட்டந்தானுங்களே? சின்னதுல வேற கூட்டத்துக்குத் தத்துப் போனவருங்க" என்றார்.

ஒரே கூட்டம், அதாவது ஒரே குலவழி என்றால் அண்ணன் தங்கை முறை. கொள்வினை கொடுப்பினை கிடையாது. பத்துப் பொருத்தம் பார்த்த மகராசன்கள் இதைக் கேட்கவில்லை! கல்யாணம் நின்றது.

மதன்குமாரோ, "பெரியவங்க சொன்னாச் சரிங்க" என்றாராம். கடலைத் தாண்டிய மனுஷனுக்கு இதைத் தாண்ட முடியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, இன்றும் எரிகிறது.

அடுத்த வருஷம் அவருடைய அம்மா நஞ்சம்மாள் வந்தார். மதன்குமாருக்கு வேறு பெண் அமைந்துவிட்டது.

"அம்மணி, எம் பையனுக்குக் கூடப்பொறந்தவ இல்ல. இணைச்சீருக்கு நீ வந்து நில்லு கண்ணு. மொறைப்படி நீதான தங்கச்சி? அப்படியே புதுப்பொண்ணுக்கு அந்தப் பாசையும் சொல்லிக்குடுத்துரு."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, இதுதான். இணைச்சீர் என்றால் மாப்பிள்ளையின் சகோதரி அவன் பக்கத்தில் நின்று செய்கிற சடங்கு. அப்பா, உறவு விட்டுப்போகக் கூடாதென்று தலையாட்டினார்.

"சீருக்கு வாரனுங்க. பாசை மட்டும் முடியாதுங்க" என்றாள் அக்கா.

மண்டபத்தில் பட்டுடுத்தி அவர் பக்கத்தில் நின்றாள். சீர் முடிந்ததும் மதன்குமார் தாழ்ந்த குரலில் அந்தப் பாஷையில் என்னவோ கேட்டார். அந்தக் கேசட்டைக் கேட்டுக் கேட்டு, எப்படி இருக்கிறாய் என்பது எனக்கே புரிந்தது.

அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள்.

"நல்லாருக்கேனுங்கண்ணா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனியட்டும்.